எங்கள் வீட்டுக் கை

டோக்கியோ நேரப்படி காலை எட்டு மணிக்கு தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார். சூரியன் கணக்கில் அப்போது ஆறரைதான். ஜப்பான்காரர்கள் கடிகாரத்தை மாற்றியிருந்தார்கள். வெயிலை மாற்ற முடியவில்லை.

"சயாம் ரயில் வேலைக்கு இந்த லயத்துல ஒரு ஆளு. மத்தியானம் லோரி வரும். யாருன்னு நீங்களே பாத்து நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார்.

மலாயாவில், கெமாஸுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எனக்கு எட்டு வயது. அதற்குமுன் சயாம் காட்டில் தண்டவாளம் போடப் போன எவரிடமிருந்தும் ஒரு சேதியும் வந்திருக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. வெள்ளைக்கார துரை ஓடிப்போகும்வரை கங்காணி சொன்னதுதான் சட்டம். அதன்பின், எதையும் கூடிப் பேசிக் கை தூக்கி முடிவு செய்யும் பழக்கத்தை லயத்தில் கொண்டுவந்தவர் அப்பா. மரவள்ளி எங்கே நடுவது, கிணற்றை யார் தூர்வாருவது, அரிசி இல்லாமல் மாரியம்மனுக்கு எதைப் படைப்பது, எல்லாம் அப்படித்தான் முடிவாயின. லயத்து வரிசையில் பதின்மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு கை. அப்பா நடுவில் நின்று எண்ணுவார். அதனால் எங்கள் வீட்டுக் கையைத் தூக்குவது நான். "எம்மவ நாளைக்கு யாருக்கும் பயப்பட மாட்டா" என்பார். அம்மாவுக்குக் கை கிடையாது. அது ஒரு குறையாக எவருக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும்.

அன்றும் கிணற்றடியில் கூடினார்கள். கோடி வீட்டுக்காரர்தான் தொடங்கினார். "பொண்டாட்டி புள்ள இல்லாதவன் போகட்டும். அதான் நியாயம்."

லயத்தில் கலியாணமாகாத ஆண் ஒருவர்தான். எங்களோடு இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி.

"நேரா எம்பேரையே சொல்லுங்கண்ணே, ஏன் சுத்தி வளைக்கிறீங்க?" என்று மாமா சிரித்தார். பிறகு அப்பாவிடம், "எல்லா ஆம்பளப் பேரையும் எழுதிச் சீட்டுக் குலுக்குங்க மச்சான். எனக்கு விழுந்தா போறேன்" என்றார்.

"சீட்டே குலுக்குங்க, புண்ணியமாப் போவும்!" அம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

"பொம்பள உள்ள போம்மா. வீட்டுக்கு ஒரு கைதான்" என்றார் கோடி வீட்டுக்காரர்.

அப்பா முறைப்படி கேட்டார். சீட்டுக் குலுக்க ஆறு கை. மாமாவை அனுப்ப ஆறு கை. எங்கள் வீடு மட்டும் பாக்கி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இது பெரியவர்கள் விஷயம், நீ போ என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கிணற்றுக்குள் பார்த்தபடி நின்றார். சீட்டில் அவர் பெயரும் இருக்கும் அல்லவா?

"மருமகளே, ஒங்கை சின்னது. அரைக் கைன்னுதான் எண்ணுவாங்க" என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். முந்தின நாள்தான் நான் பாயை நனைத்த கதையை அவர் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தார். மாமாவை அனுப்பலாமா என்று அப்பா மறுபடி கேட்டபோது நான் கையை உயர்த்தினேன். அப்பாவைக் காப்பாற்றத்தான் தூக்கினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாய்க்காகத்தான் தூக்கினேன்.

"ஏழு" என்றார் அப்பா.

இப்போது என் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் ஓட்டுப் போடலாம் என்கிறார்கள். எங்கே போவது, என்ன சமைப்பது என்றால் விட்டுவிடுகிறேன். போன வாரம், கடைக்குட்டியை விளையாட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று கை தூக்கினார்கள். நான் கத்திய கத்தலில் மூவரும் அழுதுவிட்டார்கள். காரணத்தை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

மாமா ஒரு சட்டையைத் துண்டில் சுருட்டிக்கொண்டார். அம்மா அவித்த கிழங்கைக் கட்டிக் கொடுத்தாள். அப்பா முகத்தையும் என் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. ஜப்பான் சண்டை முடிந்தும் மாமா திரும்பவில்லை.

மத்தியானம் லோரியோடு மண்டோர் வந்தார். மற்ற லயங்களில் ஆட்களை அடித்து இழுத்துவர வேண்டியிருந்ததாம். மாமா தானே நடந்துபோய் ஏறியது அவருக்கு வியப்பாக இருந்தது. யார் முடிவு செய்தது என்று கேட்டார்.

"எல்லாரும் கூடி, கை தூக்கி" என்றார் அப்பா, மெல்ல.

மண்டோர் அவர் தோளைத் தட்டிச் சொன்ன பதிலைக் கேட்டு, அடுத்த முறையும் என் கைதான் என்று நான் பூரித்துப்போனேன். அப்பா மட்டும் ஏன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

"சத்தமில்லாம முடிச்சிட்டீங்களே! அடுத்த வாரம் மூணு பேரு வேணும். இதே மாதிரி நீங்களே கை தூக்கி எடுத்து வச்சிருங்க."