தழை அடைத்த வெளிச்சம்

நேற்று இரவு, அரியாங்குப்பத்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பல்பு மங்கியது. அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கும் கை சோற்றுக்குப் போகவில்லை.

என் சிறுவயதில் அவர் மலையில் ஒரு எஸ்டேட்டின் சின்ன நீர்மின் நிலையத்தில் ஆபரேட்டர். டர்பைன் இரைச்சலும் ஈரத்தழை வாடையும் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே கிடக்கும். பல்பு மங்கினால் அம்மா கத்துவாள்: "தழை அடைச்சிக்கிச்சி, ஓடுங்க!" அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, டர்பைனுக்குத் தண்ணீர் நுழையும் கம்பிவலையில் சேர்ந்த தழையை வாரப் போவார். வெளிச்சம் திரும்பும்வரை யாரும் சோற்றைத் தொட மாட்டோம்.

நேற்றும் எழுந்து போனார். தெருச் சாக்கடையில் குனிந்து சருகை அள்ளினார்.

"இங்க ஏதுப்பா டர்பைன்? உள்ள வாங்க" என்றேன்.

சட்டென்று வெளிச்சம் கூடியது.

ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தவர், "வந்துடுச்சில்ல? இப்ப சாப்புடு" என்றார்.