வளைக்குள் இருந்த கட்டெறும்பு

மரம் குடையும் கட்டெறும்பு மரத்தைத் தின்பதில்லை. இந்த ஓர் உண்மையைச் சொல்லித்தான் என் தங்கையின் கலியாணத்தைக் குழப்பினேன்.

ஐம்பதுகளின் நடுவில், கல்முனையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் இளநிலை எழுதுவினைஞன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணுக்கு வீடு வேண்டும், அதுவும் புது வீடு. வாப்பா கட்டினார். கூரை உச்சியைத் தாங்கும் முகட்டுவளைக்கு மரம் வெட்ட அனுமதி கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பம் என் மேசைக்கே வந்தது. அதற்கு முன்னால் வந்தவை அடுக்கில் கிடந்தன. தகப்பன் என்பதற்காக முன்னே எடுத்து வைக்க விதியில் இடமில்லை, நானும் வைக்கவில்லை. வாப்பா மறுபடி கேட்கவும் இல்லை.

வீடு முடிந்து எட்டாம் மாதம் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா சாகாமத்தில் வயல் வைத்திருந்த போடியார். உள்ளறைத் தரையில் ஒரு பிடி மரத்தூளைக் கண்டு குனிந்தார்.

"மச்சான், வளையில கறையான் போல. மருந்தடிச்சாச் சரி. இதுக்கெல்லாம் கலியாணத்தப் பிந்தப் போடுறதா?" என்று வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

காரியம் அத்துடன் முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"இது கறையான் இல்ல மாமா. கறையான் மண்ணால வழி கட்டும். இது கட்டெறும்பு. கூடு வைக்க மரத்தக் குடைஞ்சு, தூள வெளியில தள்ளும். பாருங்க, தூளுக்குள்ள பூச்சிக் காலெல்லாம் கிடக்கு. தின்ட மிச்சம்."

"அப்ப மரத்துக்குப் பழுதில்ல?"

"காய்ஞ்ச வைர மரத்துல இது லேசில கூடு வைக்காது மாமா. ஈரம் குடிச்சு உக்கின மரந்தான் இதுக்கு வசதி."

போடியார் சிரிப்பை நிறுத்தினார். "எட்டு மாசத்து வீட்டுல உக்கின மரம் எங்கால வந்த, தம்பி?"

வாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஆனால் பிந்திவிட்டது. ஏணி வைத்து வளையைச் சுரண்டினார்கள். தாருக்குக் கீழே பழைய ஆணித் துளைகள். எங்கள் இடிந்த மாட்டுக்கொட்டிலின் வளை அது. அனுமதிக்குக் காத்திருந்து களைத்த மனிதர், அதைத் தார் பூசி ஏற்றியிருக்கிறார். உளி ஒரு விரற்கடை இறங்கியதும் எறும்புகள் வெள்ளைக் கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு ஓடின. பெருந்தலையும் சிறுதலையுமாக வேலைக்கார எறும்புகள் எல்லாம் பெண்கள். ஆணுக்கு அங்கே ஒரே வேலை: இறக்கை முளைத்துப் பறந்து, கூடி, செத்துப்போவது. ராணி தன் இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு ஒரு பொந்துக்குள் அடைந்துகொள்ளும். இரை தேட வெளியே வராது. பறக்க உதவிய தசை உடம்புக்குள் கரைய, அதைக்கொண்டே முதல் குஞ்சுகளை வளர்க்கும். இவையெல்லாம் எனக்கு அன்றே தெரியும். யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

வாசலில் போடியார் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வளையில உக்கல மறைச்ச ஆக்கள், புள்ளையில என்னத்த மறைச்சாங்களோ!"

சம்பந்தம் முறிந்தது. வாப்பா கேட்ட மர அனுமதி அடுத்த மாதம் ஒழுங்குப்படி கிடைத்தது. கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.

தங்கையிடம் விளக்கம் சொல்லப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் காக்கா. ஒங்கள்ல பிழை பிடிக்க ஆருக்கு ஏலும்?" என்றாள். சுளகை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பார்க்க எந்த மாப்பிள்ளை வீட்டாரும் வரவில்லை. சில வருடங்கள் கழித்துப் பாலமுனையில், மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்தோம். அவருக்கு நாலு பிள்ளைகள், சொந்த வீடு. எங்கள் ஊரில் பெண் கலியாணம் முடித்துத் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. அவள் ஒரு தகரப் பெட்டியுடன் போனாள்.