ரஹ்மத் நிஷாவின் ஐடி

ஃபைல் திறக்கவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் சந்தேகப்படுவது கூப்பிட்ட ஆளைத்தான். இருபது வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். "நான் ஒண்ணுமே பண்ணல சார்" என்று ஆரம்பிப்பவர் ஏதோ பண்ணியிருப்பார் என்பது என் கட்சி. பெரும்பாலும் அது பலித்திருக்கிறது. ஒருநாள் மட்டும் என்னைத் தலைகுனிய வைத்தது.

கார் உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி அது. காலை பத்தரைக்கு மேனேஜர் தனசேகர் போன் செய்தார்.

"சீக்கிரம் வா சார். க்யூசி ரூம்ல ஒரு டிராயிங்கூட தொறக்கல. ரெண்டு மணிக்கு கஸ்டமர் ஆடிட்டர் வந்துடுவாரு. யார் மேல டவுட்டுன்னு நேர்ல சொல்றேன்."

டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் சர்வரில் ஒரு பொது டாக்குமெண்ட் லைப்ரரியில் இருந்தன. பாகங்களின் தரத்தைச் சோதிக்கும் க்யூசி ரூமில் நாலு கம்ப்யூட்டர். நாலிலும் எக்செல் திறக்கும். லைப்ரரிக்குள் இருக்கும் ஃபைலைத் தொட்டால் பாஸ்வேர்ட் கேட்கும், சரியாகப் போட்டாலும் மறுபடி கேட்கும், மூன்றாம் முறை கைவிரித்துவிடும். மேனேஜர் கேபினில் மட்டும் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது.

அந்த லைப்ரரியை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் ரஹ்மத் நிஷா, பூந்தமல்லிப் பெண். அன்று அவருக்கு அங்கே கடைசி நாள். திங்கட்கிழமை வேறு கம்பெனியில் சேர வேண்டும். அதற்கான ரிலீவிங் லெட்டர் மேனேஜர் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

"இன்னா சார், நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு அந்தப் பொண்ணு போவுது, இன்னைக்கே பூட்டிக்குது. இது தொறக்கறவரைக்கும் நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றார் மேனேஜர்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யார் யார் லைப்ரரியைத் திறக்கலாம் என்ற பர்மிஷன் லிஸ்டைப் பார்த்தேன். முந்தின நாள் மதியம் கடைசியாக அதைத் திருத்தியது ரஹ்மத்தின் ஐடி. ரூமில் ஆறு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி, "கடைசியா கை வெச்சது ரஹ்மத் ஐடிதான்" என்றேன்.

"புதுசா வந்தவருக்கு பர்மிஷன் சேர்த்தேன் சார். யாரையும் எடுக்கல" என்றார் ரஹ்மத். லிஸ்டைப் பார்த்தேன். உண்மைதான், யாரையும் எடுக்கவில்லை. அதை மட்டும் நான் சத்தமாகச் சொல்லவில்லை. வேறு எங்கோ கைவரிசையைக் காட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி செய்தேன். அதே ரூமில் இருந்த ரஹ்மத்தின் கம்ப்யூட்டரில் நானே பாஸ்வேர்டைப் போட்டேன், வழக்கம்போல் திறக்கவில்லை. திரை ஓரத்து நேரத்தைப் பார்த்து நோட்டில் 11.22 என்று குறித்தேன். சர்வர் ரூமுக்குப் போய், ஒவ்வொரு முயற்சியையும் நேரத்தோடு சர்வர் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். என் முயற்சி 11.12-இல் பதிவாகியிருந்தது. லாகிலேயே கை வைத்துவிட்டாரா, அவ்வளவு கெட்டிக்காரியா என்று அசந்துபோனேன். பிறகு போனைப் பார்த்தேன். மணி 11.15. நான் குறித்த 11.22 இன்னும் வரவே இல்லை.

க்யூசி ரூமின் நாலு கம்ப்யூட்டரும் பத்து நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தன. சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேரம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் அந்தச் சர்வர் பாஸ்வேர்டை நம்பாது. அதுவும் என்னைப்போல்தான்.

கேபினில் போய்ச் சொன்னதும் மேனேஜர் முகம் மாறியது.

"நான்தான் சார் டைம முன்னாடி தள்ளி வெச்சேன், ஆளுங்க சீக்கிரம் முடிப்பாங்கன்னு. நேத்து எல்லாரும் போனப்புறம். ரிப்போர்ட்டு லேட்டாவுதுன்னு டெய்லி டெலிவரி வண்டி காத்துகினு நிக்குது. ஊட்டுல கடியாரத்தையே பத்து நிமிஷம் முன்னாடிதான் வெச்சிகீறேன். அதால இவ்ளோ வருமா?" குரலைத் தாழ்த்தினார். "சர்வர் பிராப்ளம்னு எழுதிடு சார். ஸ்டாஃப் முன்னாடி மானம் போயிடும்."

அவருக்கு அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்தவனே நான்தான். அடுத்த மாதம் என் சர்வீஸ் காண்ட்ராக்ட் வேறு அவரிடம் கையெழுத்துக்கு வருகிறது. சரி என்றேன்.

சத்தமில்லாமல் நாலு கம்ப்யூட்டரிலும் நேரத்தைத் திருத்தினேன். டிராயிங்குகள் வரிசையாகத் திறந்தன. மேனேஜரும் லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பின்னால் யாரோ, "மாட்டிக்கினதும் தானா தொறந்துக்குது பாரு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நான் பையை மூடிக்கொண்டிருந்தேன். ரஹ்மத் லெட்டரோடு எதிரில் வந்து நின்றார்.

"என் ஐடின்னு ரூமுக்கே கேக்குற மாதிரி சொன்னீங்க சார். என்ன கோளாறுன்னு மட்டும் கேபின்ல போய் மெதுவா சொல்லிட்டு வந்துட்டீங்க. நாளைக்கு என்னைப் பத்தி விசாரிக்கிறவங்க இவங்ககிட்டதான் கேப்பாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எழுந்து நின்று, காலையில் பேசிய அதே சத்தத்தில் சொன்னேன். "ரஹ்மத் எதையும் பூட்டல. இந்த ரூம் சிஸ்டத்துல நேரம் பத்து நிமிஷம் தள்ளி இருந்துச்சு. தள்ளி வெச்சது மேனேஜர் சார். விசாரிக்காம அவங்க பேரைச் சொன்னது நான்."

கேபின் வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். ரஹ்மத் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

காண்ட்ராக்ட் போயிற்று. இன்றும் கூப்பிடுகிற எல்லாரையும் சந்தேகப்படத்தான் செய்கிறேன், அந்தப் புத்தி போகாது. ஆனால் முழுக் காரணமும் தெரிகிறவரை லாகில் பார்த்த பேரை வாய்விட்டுப் படிப்பதில்லை. அன்று சிரித்தவர்களில் எத்தனை பேர் நான் இரண்டாவது சொன்னதை நம்பினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.