அம்மாவின் கைக்கு எட்டிய ஹேண்டில்பார்

அம்மாவின் முதலாண்டு நினைவுநாளில் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த மலருக்கு என்னை எழுதச் சொன்னதும், என் வழக்கப்படி ஒரு பட்டியல் போட்டேன். பிறப்பு, படிப்பு, வேலை, குணம் என்று பதினோரு வரிகள் வந்தன. ஏழாவது வரி, சைக்கிள். மற்ற பத்தும் உங்களுக்குத் தெரிந்தவை என்பதால் அவற்றைச் சுருக்கிக்கொள்கிறேன்.

அம்மா அவிநாசி பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். அவருடைய அண்ணனான என் மாமாதான் சிறு வயதிலேயே மில் வேலைக்குப் போய், தங்கையைச் செவிலியர் பயிற்சி வரை படிக்க வைத்தார். சத்தியமங்கலம் பக்கம் கிராமச் செவிலியராக வேலை கிடைத்தது. தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, வாய்க்கால் கரையோரமாக ஒன்பது ஊர்களுக்கும் சைக்கிளில் போய் வருவார். அப்பா காலமான பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை.

பழைய சைக்கிள் தேய்ந்துபோனபோது, மாமா கோவையிலிருந்து புதிதாக ஒன்றை வாங்கி வந்தார். சிவப்பு நிறம். பந்தய சைக்கிள் போல நேரான ஹேண்டில்பார். அதைத் தாங்கும் கழுத்தும் நன்றாக முன்னால் நீண்டிருந்தது. கடையில் அதை ஸ்டெம் என்பார்கள்.

"எப்படி இருக்குது அம்மணி?" என்றார் மாமா.

"நல்லா இருக்குதுங்ணா."

அம்மா யாருடைய காப்பியையும், யாருடைய மருமகளையும் குறை சொன்னவர் அல்லர். சைக்கிளையா சொல்லப்போகிறார்?

ஆறு மாதம் கழித்து நான் பாலிடெக்னிக் விடுதியிலிருந்து வந்தபோது, அம்மா டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் பிடித்தால் நழுவுகிறதாம். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது, சைக்கிளைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார். ஊசி போடுகிற கை அது. மரத்துப்போனால் ஒன்பது ஊர்களும் போய், அலுவலக மேசைதான் மிச்சம். அம்மா மாற்றல் மனுவை எழுதியே வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இது ஒரு கணக்காகத் தெரிந்தது. அம்மாவின் கை நீளம், சீட்டிலிருந்து கைப்பிடி வரை உள்ள தூரம், சீட்டின் உயரம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். சந்தைப்பேட்டை சைக்கிள் கடை அண்ணன் ஹேண்டில்பாரை இரண்டு விரல் உயர்த்தினார்.

"நல்லா இருக்குது கண்ணு" என்றார் அம்மா.

ஆனால் டம்ளர் ஒரு கைக்கு மாறவில்லை. அடுத்த வாரம், மேல்நோக்கி வளைந்த அகலமான ஹேண்டில்பார் மாட்டினோம்.

"இதும் நல்லா இருக்குதுங்க."

கடை அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க நர்சம்மா, ஹேண்டில்பாரே இல்லாம குடுத்தாலும் நல்லா இருக்குதும்பீங்களாட்ட இருக்குதே!"

காப்பி டம்ளருக்கு அப்போதும் இரண்டு கைகள்தான். வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"அண்ணன் ஆசையா வாங்கித் தந்தது கண்ணு. வலிக்குதுன்னா, அவர் குடுத்தது சரியில்லைன்னு சொன்ன மாதிரி ஆயிராதா?"

என் நோட்டில் எல்லா அளவும் சரி. அம்மாவின் வாயை நம்பியதுதான் பிழை. மறுநாள் காலை, அம்மாவின் இரண்டு உள்ளங்கைகளிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசி, வாய்க்கால் வரை போய்வரச் சொன்னேன்.

திரும்பி வந்த சைக்கிளில், ரப்பர் கைப்பிடிகளில் மஞ்சள் ஏறக்குறைய இல்லை. எல்லாம் உள்ளே, ஸ்டெம்முக்கு இருபுறமும் வெறும் இரும்பில் அப்பியிருந்தது. கைப்பிடி எட்டாததால் அம்மா கிட்டே இருந்த இரும்பைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் மணிக்கட்டில் இறக்கி ஓட்டியிருக்கிறார். பிரேக்குக்கும் கைக்கும் ஒரு சாண் தூரம்.

கடை அண்ணன் நான்கு சென்டிமீட்டர் குட்டையான ஸ்டெம்மையும், முனைகள் உடம்பை நோக்கிப் பின்னால் வளைந்து வரும் ஹேண்டில்பாரையும் தேடிப் பிடித்து மாட்டினார். இந்த முறை அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா, விரல் பிரேக்கை எட்டுகிறதா, திருப்பத்தில் முழங்கால் இடிக்காமல் இருக்கிறதா என்று நாங்களே பார்த்தோம். மறுபடியும் மஞ்சள் பூசி அனுப்பினோம். கைப்பிடிகள் மட்டும் மஞ்சளாகத் திரும்பி வந்தன.

பொங்கலுக்கு வந்த மாமா சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏன் அம்மணி, முன்பக்கம் நான் வாங்கித் தந்ததுல பெல்லு மட்டுந்தான் மிச்சமா?"

"பெல்லு ரொம்ப நல்லா இருக்குதுங்ணா" என்றார் அம்மா. சிரித்துச் சிரித்து மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அன்று அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தது ஒரே கையால். மாற்றல் மனுவின் பின்பக்கத்தில் அடுத்த மாதத் தடுப்பூசிப் பட்டியலை எழுதியிருந்தார்.

கடைசி மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தபோதும், டாக்டர் கேட்டால் "நல்லா இருக்குதுங்க" என்றுதான் சொன்னார். நாங்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். போர்வை நுனியை முறுக்கினால் வலி என்று அர்த்தம். உடனே செவிலியரை அழைப்போம். முறை வைத்துக் கூட இருந்த மாமாவுக்கும் சின்னம்மாவுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் முகம் சுளிக்காமல் வந்த செவிலியர்களுக்கும், கடை அண்ணனுக்கும், தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற ஒன்பது ஊர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மாவின் விருப்பப்படி சைக்கிளை அவருடைய தங்கையான சின்னம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். அம்மாவைவிட அவர் அரையடி உயரம். நேற்று தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்கினார். எப்படி இருக்குதுங்க என்று கேட்டேன்.

"நல்லா இருக்குது கண்ணு."

நான் மஞ்சள் டப்பாவை எடுக்க உள்ளே போனேன்.