கூண்டக்கா ஏறிய பேருந்து

எலிக்கூண்டு கழுவும் வேலையில் அவளுக்குப் பதினோரு வருடம். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘கூண்டக்கா’. எந்த எலி தண்ணீர் குடிக்கவில்லை, எது பக்கத்து எலியோடு மல்லுக்கு நிற்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

இரண்டு வருடம் முன்பு அவள் வந்த பேருந்து பாலத்தருகே கவிழ்ந்தது. அவளுக்குத் தோள்பட்டை இறங்கியதோடு சரி. ஜன்னலோர இடத்தை அவளிடம் கேட்டு வாங்கி உட்கார்ந்த தங்கை பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து வேலைக்கு நடைதான், போக வர மூன்று மணி நேரம். தெருவில் எங்காவது பிரேக் கிறீச்சிட்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வெளியூரில் தங்கள் அப்பாவோடு இருந்த தங்கை பிள்ளைகளைப் பார்க்கவும் போகவில்லை. போனில் சாக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஓர் ஆய்வு மாணவி வந்து சேர்ந்தாள். ஒரு பெட்டிக்குள் எலியை விட்டு ஒரு சத்தம், கூடவே அதன் காலில் லேசான மின்அதிர்ச்சி. மறுநாள் சத்தம் மட்டும் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். பாதி எலிகளுக்கு மருந்து கொடுத்து, பயம் எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. வாரக்கணக்காகியும் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

“பாப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? என் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சுன்னாலே உன் எலிங்க நின்னுடுது. உன் பெட்டிச் சத்தமும் கிட்டத்தட்ட அதேதான். அதான் உன் கணக்கு குழம்புது.”

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“நானும் அப்படித்தானே நிக்கிறேன்” என்றவள், ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மாணவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூளையில செரோடோனின்னு ஒரு ரசாயனம் இருக்குக்கா. அது போய் ஒட்டிக்கிற ஏற்பிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்ல. சிலது பயத்தைத் தணிக்கும், சிலது கிளப்பிவிடும். பழைய பயம் அழியாதுதான். ஆனா, ‘இப்ப ஆபத்து இல்ல’ன்னு மூளை புதுசா கத்துக்கும். இது கோழைத்தனம் இல்லக்கா. டாக்டரைப் பாருங்க.”

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் பதற்றம் கூடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கூடத்தான் செய்தது. ஒன்பதாம் நாள் மாத்திரைகளைக் குப்பையில் போடப் போனவளைத் தையல்காரக் கணவர் தடுத்தார். “முதல்ல டாக்டருக்குப் போன் போடுவோம். அப்புறம் தூக்கிப் போடு.” டாக்டர் அளவைக் குறைத்துத் தொடரச் சொன்னார்.

ஐந்தாம் வாரம் நெஞ்சின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அதன்பின் டாக்டர் சொன்னபடி தினமும் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றார்கள். “பஸ் ஸ்டாப்புக்கு வந்து பஸ் ஏறாம திரும்புற ஜோடி நாம மட்டும்தான்” என்றார் கணவர். பிறகு ஒரு நிறுத்தம் போனாள். ஒருமுறை பாதியில் இறங்கி வாந்தியெடுத்தாள். மறுநாளும் ஏறினாள்.

நான்கு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். அவள் நகங்கள் கணவரின் மணிக்கட்டில் பதிந்தன. பேருந்து நகர்ந்த பிறகும் ஊர் வரும்வரை அழுதாள். ஆனால், இறங்கவில்லை.

கதவைத் திறந்த சின்னவள் நெடுநெடுவென வளர்ந்திருந்தாள். “இவ்வளவு நாளா ஏன் வரல, பெரியம்மா?”

“உங்கம்மா பக்கத்துல இல்லாம பஸ் ஏறத் தெரியலடி” என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “கத்துக்க இவ்வளவு நாளாயிடுச்சு.”