அக்கா இன்னும் ஆற்றுக்குப் போகவில்லை

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் அஸ்தி இன்னும் கரைக்கப்படவில்லை. முற்றத்து வேம்பில் மண்முட்டியிலே கட்டித் தொங்குகிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும்போதெல்லாம் முட்டி ஆடுகிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அக்கா நறுவிலிக்குளத்திலே பிறந்தவர். அவர் ஓரிடத்தில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டதை நாங்கள் கண்டதில்லை. காலிலே சக்கரம். அருவியாறு பெருகுகிறதென்று கேள்விப்பட்டால் உலையில் அரிசியைப் போட்டது போட்டபடி ஆறு பார்க்க ஓடுவார். பழைய நூல்களில் அதற்குக் கடம்ப நதி என்று பெயர், அதன் கரையிலே அரசர்கள் தலைநகர் அமைத்தார்கள், மாந்தைத் துறையில் இறங்கிய அந்நிய வணிகர் அதன் கரைவழியே உள்ளே போனார்கள் என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவர். "ராசாமார் இருந்த ஊரால வாற தண்ணி, கடைசியில எங்கட வயலிலதான் வந்து வேலை செய்யுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

மணமுடித்துப் பெரியமடுவுக்குப் போனார். அத்தானும் அவரும் காடு வெட்டித் திருத்திய காணி விளையத் தொடங்கிய நேரம் சண்டை வந்தது. ஊர் ஊராக ஓடிக் கடைசியில் செட்டிகுளத்து முகாமிலே எல்லோரும் அடைபட்டோம். முள்ளுக்கம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆறு ஓடியது. "தம்பி, இது எங்கட அருவியாறடா!" என்று அக்கா அழுதார். அங்கேதான் அத்தான் காய்ச்சலில் கண்மூடினார். அஸ்தியை அந்த ஆற்றிலேயே விட்டோம்.

"அவர் முன்னால ஊருக்குப் போறார். என்னையும் ஒரு நாள் இந்த இடத்திலதான் விடோணும்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார்.

"வழியில தேக்கத்து அணையில திரும்பிக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போயிட்டால்?" என்று கேட்டேன்.

"போனால் என்ன? வாய்க்காலால வயலுக்கு வருவன்தானே."

பிறகு நாங்கள் ஊர் திரும்பினோம். அக்கா அந்தச் சத்தியத்தை மறக்கவில்லை. கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, "ஆத்தில தண்ணி வந்திட்டுதோ?" என்றுதான் கேட்டார். "இன்னும் இல்லையக்கா, மழை வரட்டும்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு வெறும் மணலாகக் கிடந்த ஆவணியிலேயே போய்விட்டார். பொறுமை இல்லாத மனுசி.

கனடாவிலிருந்து பெரியண்ணா நாளாந்தம் அழைக்கிறார். "முப்பத்தொண்டு தாண்டியும் வச்சிருக்காதையடா, சனம் கதைக்கும். வங்காலைக் கடலிலயெண்டாலும் கரைச்சுவிடு." ஐயரும் அதையேதான் சொல்கிறார். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. முட்டியை அவிழ்க்கப் போனேன்; கை வரவில்லை. கடலில் விட்டால் அத்தான் போன வழி அக்காவுக்குக் கிடைக்காமல் போய்விடுமே.

நோயில் அக்காவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், இன்று அடுப்படியில் நின்று சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செட்டிகுளத்துப் பக்கம் இருக்கும் உறவுகளிடம் மட்டும் இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். மழை விழுந்து ஆற்றிலே தண்ணீர் ஓடத் தொடங்கியதும், எந்த நேரமென்றாலும் எனக்கு அழைப்பெடுங்கள். அக்காவுக்குக் காத்திருந்து பழக்கமில்லை.