மதிலில் ஒரு சுண்டுவிரல் கதவு

தென்காசியில் ஜுஹைனாவின் தொழில் என்னவென்று கேட்டால், "பொம்மை வீடு செய்யுத பிள்ளைதானே?" என்பார்கள் பாதிப் பேர். அவளுக்கு அதில் கோபமே கிடையாது. பொம்மை வீடுதான். ஆனால் என்ஜினீயரின் பிளானை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, த்ரீடி பிரிண்டரில் அச்செடுத்து ஒட்டி, கட்டப்போகிற வீட்டை முன்கூட்டியே கண்முன் வைக்கிற பொம்மை. பிளானைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வீடு எழும்பிய பிறகு "அடுப்படி இம்புட்டுத்தானா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டவர்களைக் கேளுங்கள், அதன் அருமை தெரியும்.

ஜுஹைனா சிவில் டிப்ளமோ படித்தவள். கணவர் உவைஸுக்கு ஷார்ஜாவில் வேலை. லீவுக்கு வந்தபோது, சொந்தக்காரர்கள் கம்பளிக்கும் தைலத்துக்கும் காத்து நிற்க, மனிதர் இந்தப் பிரிண்டரைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். "நீ கேட்டேல்லா, இந்தா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதை இன்றைக்குச் சொன்னாலும் அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், ஜுஹைனாவுக்கு மட்டும் திண்டாட்டம். பிரிண்டருக்குள் போகிற பிளாஸ்டிக் இழை ஈரத்தைக் குடித்துவிடும். அச்சு நூல் நூலாகத் தொங்கும். இழைச் சுருளை முறுக்கு டின்னில் அடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கூடவே போட்டு வைத்தாள். புதுச் செருப்பு டப்பாவில் கிடக்குமே, அந்தப் பொட்டலம்தான். தெருப் பெண்கள் அவளுக்கென்றே அவற்றைச் சேர்த்துவைத்து, மதில் கதவு வழியாகக் கைமாற்றிக் கொண்டுவந்து தந்தார்கள். அந்தத் தெருவில் பக்கத்து வீட்டுக்குப் போகப் பெண்கள் வீதியில் இறங்குவதில்லை. மதிலுக்கு மதில் ஒரு சின்னக் கதவு உண்டு.

முதல் வேலையை நம்பிக் கொடுத்தவர் என்ஜினீயர் முத்துச்செல்வம். "தங்கச்சி, இது மட்டும் சரியா வந்துட்டுன்னா குத்தாலத்துல ரெண்டு லாட்ஜ் வேல இருக்கு, ஒனக்குத்தான். சொதப்பிராத" என்றார். வேறு யாரும் அவளைச் சீந்தாத நேரம். இது தவறினால் பிரிண்டரைத் துணி போட்டு மூட வேண்டியதுதான்.

வீடு கட்டப்போகிறவர் பக்கத்துத் தெரு ஹைருன் பீவி. சாரல் தூறிய ஒரு காலையில், இடித்துக் கட்டப்போகிற அவருடைய பழைய வீட்டுக் கூடத்தில் மாடலை இறக்கி வைத்தார்கள். மேல்துணியை எடுத்த முத்துச்செல்வத்தின் முகம் சட்டென்று இருண்டது. ஜுஹைனாவைத் தனியாக இழுத்துப்போனார்.

"ஏம்மா, கிழக்கு மதில்ல கதவு வச்சிருக்கியே, பிளான்ல எங்கம்மா இருக்கு?"

பிளானைப் பார்த்தாள். ஒரே நேர்க்கோடு. கதவே இல்லை.

"அந்தப் பக்கம் அவுங்க அக்கா வீடு. பாகம் பிரிச்சதுலேருந்து ரெண்டு வருசமாப் பேச்சுவார்த்த கெடயாது. எறும்புக்குக்கூட வழி வைக்காதீயன்னு எங்கிட்ட சொல்லியிருக்காவ. நீ கதவே வச்சுக் கொண்டாந்திருக்கே!"

ஜுஹைனா கூடத்து மாடலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை, பழக்கதோஷத்தில் கை தானாகவே வைத்துவிட்டது. அதுவும் சும்மாவா வைத்தாள்? திறந்து மூடும்படி கீல் வைத்து, அதற்கென்றே ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டிருந்தாளே, பாவி மகள்!

அதற்குள் ஹைருன் பீவி மாடலருகே குனிந்துவிட்டார். அடுப்படியைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். கிழக்கு மதிலுக்கு வந்ததும் அவர் விரல் நின்றது.

"இத யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல மாமி. என் தப்புதான். நம்ம பக்கத்துல கதவில்லாத மதிலு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பவே அடச்சுத் தந்துருதேன்."

ஹைருன் பீவி சுண்டுவிரல் உயரக் கதவை நகத்தால் தள்ளினார். திறந்தது. மூடினார். மறுபடியும் தள்ளினார்.

"முன்ன லாத்தா வீட்டு நோம்புக் கஞ்சி இந்த மாதிரிக் கதவு வழியாத்தான் வரும்" என்றார், அக்காவை நினைத்து. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூக்குங்க, லாத்தா வீட்டுக்கு" என்றார்.

பக்கத்து வீடுதான். ஆனால் மதில் கதவைப் பாகம் பிரித்தபோதே அடைத்தாயிற்றே! தெருவில் இறங்கி, முனை திரும்பிச் சுற்றிப் போனார்கள். ஜுஹைனா மாடலைச் சுமக்க, முத்துச்செல்வம் குடையை அதற்குப் பிடித்துவிட்டுத் தாம் நனைந்துகொண்டு வந்தார்.

கதவைத் திறந்த அக்கா சைதூன் பீவி மாடலைப் பார்த்தார், அதன் மதில் கதவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"ஏட்டி ஹைருனு, எங்கிட்ட வாரதுக்குத் தெரு சுத்தியா வருவ? ஒரு குரலு குடுத்திருந்தா அந்த மதில நானே இடிச்சிருப்பம்லா!"

அப்புறம் யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று கேட்காதீர்கள். முத்துச்செல்வமே குடையை மடக்குகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். "பிளான நான் மாத்திக்கிடுதேன் தங்கச்சி" என்றார் மெதுவாக.

லாட்ஜ் வேலைகள் வந்தன. அதற்குமேல் ஆய்க்குடி, செங்கோட்டையிலிருந்தும் ஆள் வருகிறார்கள். ஒவ்வொரு மாடலை முடிக்கும்போதும் ஜுஹைனா அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொல்கிறாள். உவைஸுக்காக, பொட்டலம் சேர்த்த பெண்களுக்காக, முத்துச்செல்வம் அண்ணாச்சிக்காக, அன்றைக்குத் தப்புச் செய்த தன் கைக்காகவும்.

அந்த முதல் மாடல் இப்போது சைதூன் பீவி வீட்டில் இருக்கிறது. அந்தக் கதவை மட்டும் இதுவரை மூன்று தடவை புதிதாக அச்செடுத்துக் கொடுத்தாயிற்று. வருகிறவர்களுக்கெல்லாம் அக்காளும் தங்கையும் திறந்து திறந்து காட்டியே கீல் தேய்ந்துவிடுகிறதாம்.